அழுதபடி ஆடியவர்

தொடர் – 12
நியூயார்க் மெட்ஸ், 2015 ஜூலை

1977 ஜூன் 15 இரவு டாம் சீவரை சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டு, மெட்ஸ் நிர்வாகம் தன் ரசிகர்களின் சாபத்தை எப்படி வாங்கிக் கட்டிக்கொண்டது என்று சென்ற பகுதியில் பார்த்தோம். அந்த இரவை நேரில் அறியாதவர்கள், பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள், 2015-ல் மெட்ஸின் புதிய மைதானமான சிட்டி ஃபீல்டின் இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள். சீவரைப் போல ஒரு மாபெரும் வீரரை இழக்கும் பயம் இந்த முறை அவர்களுக்கு இல்லை. பேச்சில் அடிபட்டவர் 23 வயதுக்காரர், நட்சத்திரம் என்று யாரும் சொல்லாதவர், பந்தைப் பிடிப்பதில் அவ்வப்போது கோட்டை விடுபவர். ஆனாலும் பேஸ்பாலில் வீரர்களைக் கைமாற்றும் முறையைப் பற்றி எழுதும்போது வில்மர் ஃப்ளோரஸை விட்டுவிட்டு எழுத முடியாது என்றே நினைக்கிறேன்.

முதலில் அந்த ஆண்டின் கதை. ஏப்ரலில் தொடர்ந்து 11 ஆட்டங்களை வென்று, 13 வெற்றி 3 தோல்வி என்று மெட்ஸ் பறந்தது. ஆனால் வெற்றிகள் குவிந்துகொண்டிருந்தபோதே அணி கரைந்துகொண்டிருந்தது. சீசன் தொடங்கும் முன்பே, மார்ச்சில், பிட்சர் ஸாக் வீலருக்கு முழங்கை அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு அவர் பந்து வீசப்போவதில்லை. ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்க வேண்டிய ஹென்றி மெஹியா, ஊக்கமருந்துக்காக 80 ஆட்டங்களுக்குத் தடை செய்யப்பட்டார். கேப்டன் டேவிட் ரைட் தொடைத் தசை பிடித்துக்கொண்டு வெளியே போனார். அதைக் கவனிக்கும்போதே முதுகுத்தண்டுக் குழாய் சுருங்கியிருப்பது தெரியவந்து, ஆகஸ்ட் கடைசிவரை அவர் திரும்பவில்லை. கேட்சர் டிராவிஸ் டார்னோவின் கையில் எலும்பு முறிவு.

பிட்சர்களுக்கு மட்டும் குறைவே இல்லை. மாட் ஹார்வியும் ஜேக்கப் டிகிராமும் ஏற்கெனவே இருந்தார்கள். மே மாதம் நோவா சிண்டர்கார்ட் வந்தார். ஜூன் கடைசியில் ஸ்டீவன் மாட்ஸ் வந்து, முதல் ஆட்டத்தில் பந்து வீசியதோடு மட்டையாலும் 4 ரன் சேர்த்துக் கொடுத்தார். எதிரணியை இரண்டு மூன்று ரன்னில் நிறுத்த ஆள் இருந்தது. அந்த இரண்டு மூன்று ரன்னை எடுத்துத் தரத்தான் ஆள் இல்லை.

ஜூலை 23-ம் தேதி மேனேஜர் டெர்ரி காலின்ஸ் எழுதிய மட்டையாளர் வரிசையைப் பாருங்கள். எதிரே நிற்பவர் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் கிளேட்டன் கெர்ஷா, அந்தக் காலத்தின் தலைசிறந்த பிட்சர். நான்காவது இடம் என்பது எந்த அணியிலும் மிக பலமான மட்டையாளருக்கு உரியது. அங்கே காலின்ஸ் எழுதிய பெயர் ஜான் மேபெரி ஜூனியர், அவருடைய சராசரி .170, அதாவது நூறு முயற்சிக்கு 17 வெற்றி அடி. ஐந்தாவது இடத்தில் எரிக் கேம்பெல், சராசரி .179. நூற்றுக்கு 25 எடுப்பவரையே சுமார் என்று சொல்லும் ஆட்டம் இது. முதல் ஆறு இன்னிங்ஸில் ஒருவரைக்கூட கெர்ஷா பேஸ் தொட விடவில்லை. மெட்ஸ் 0-3 என்று தோற்றது. நியூயார்க் பத்திரிகைகளும் வானொலியும் மேனேஜரைக் குறைசொல்லிப் பயனில்லை என்று ஜெனரல் மேனேஜர் சாண்டி ஆல்டர்சன் மீது பாய்ந்தன. கையில் இருந்ததைத்தானே காலின்ஸ் எழுத முடியும்?

ஆல்டர்சன் மரைன் படையில் இருந்து வியட்நாம் போனவர், பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்தவர், 1980-களில் ஓக்லண்ட் அணியைக் கட்டியெழுப்பியவர். பதறுகிற ஆள் இல்லை. ஆனால் அவருடைய பொறுமையை நியூயார்க்கில் பலர் கஞ்சத்தனமாகத்தான் பார்த்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. மெட்ஸின் முதலாளிகளான வில்பான் குடும்பத்தினர் பெர்னி மேடாஃபின் மோசடி நிதியில் பணம் போட்டிருந்தவர்கள். அந்த வழக்கை முடிக்க 2012-ல் 16.2 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆகவே ஜூலையில் ஒரு பெரிய பெயர் வதந்தியில் வரும்போதெல்லாம், ‘இவர்களிடம் பணம் இருக்கிறதா?’ என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இங்கே ஆட்ட விதியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வீரர் காலையில் ஓர் அணியிலும் மாலையில் இன்னோர் அணியிலும் இருப்பது விசித்திரமாகத் தோன்றும். பேஸ்பாலில் அது நூறாண்டு வழக்கம். 1922 ஜூலை கடைசியில் நியூயார்க் யாங்கீஸ் ஜோ டூகனை வாங்கி, செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸை முந்திச் சென்றபோது எழுந்த கூச்சலில்தான் ஜூன் 15 என்ற கெடு பிறந்தது. 1986-ல் அது ஜூலை 31-க்குத் தள்ளிப்போனது. கெடுவுக்குப் பிறகு வீரர்களை மாற்றுவது கடினமாகிவிடும் என்பதால் ஜூலையின் கடைசி வாரம் முழுவதும் தொலைபேசிகள் ஓயாது. ஜெயிக்க வாய்ப்புள்ள அணி இன்றைக்கு ஆடக்கூடியவரைக் கேட்கும். வாய்ப்பை இழந்த அணி நாளைக்கு ஆடப்போகிற இளைஞர்களைக் கேட்கும். 2015-ல் 25 பேர் கொண்டதாக இருந்த ஆடும் பட்டியலில் ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும்: காயப் பட்டியலுக்கோ, கீழ்நிலை லீகுக்கோ, வீட்டுக்கோ.

வீரரின் சம்மதம்? பத்து ஆண்டு மேல்மட்ட லீகில் ஆடி, அதில் கடைசி ஐந்து ஆண்டை ஒரே அணியில் கழித்தவர் மறுக்கலாம். தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்து வீரர் கர்ட் ஃப்ளட் தன் வாழ்க்கையைப் பணயம் வைத்து நடத்திய போராட்டத்தின் பின்விளைவாக 1973-ல் கிடைத்த உரிமை அது. மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் அளவுக்குச் செல்வாக்குள்ள நட்சத்திரங்களும் மறுக்கலாம். மற்ற யாரிடமும் யாரும் கேட்க வேண்டியதில்லை. ஃப்ளோரஸ் மேல்மட்ட லீகுக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

கெர்ஷாவிடம் தோற்ற மறுநாளே ஆல்டர்சன் அசைந்தார். மைக்கேல் கடையர் முழங்கால் வலியோடு காயப் பட்டியலுக்குப் போக, பிங்ஹாம்டனில் இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்த மைக்கேல் கன்ஃபோர்டோ நேராக நியூயார்க்குக்கு அழைக்கப்பட்டார். அன்றே அட்லாண்டாவிலிருந்து ஹுவான் உரீபேயும் கெல்லி ஜான்சனும் வந்தார்கள். பதிலுக்கு ஜான் கேன்ட், ராப் வேலன் என்ற இரண்டு இளம் பிட்சர்கள் போனார்கள். உரீபே, ஜான்சன் இருவரும் வயதான, சுமாரான, எந்த இடத்திலும் நின்று ஆடக்கூடிய வீரர்கள். தலைப்புச் செய்தி ஆகாதவர்கள். என்னைக் கேட்டால் 2015 மெட்ஸின் திருப்பம் இங்கேதான் தொடங்கியது. பின்னால் வந்த பெரிய பெயரின் வெளிச்சத்தில் இது மறைந்துபோயிற்று. ஜூலை 25-ம் தேதி டாட்ஜர்ஸை 15-2 என்று அடித்து நொறுக்கியபோது ஜான்சன் ஹோம் ரன் அடித்தார், கன்ஃபோர்டோ நான்கு முறை மட்டை பிடித்து நான்கிலும் வெற்றி கண்டார். மறுநாள் 10-வது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடித்த அடி உரீபேயுடையது. மட்டையாளர் வரிசையில் .170-க்கும் .179-க்கும் இனி இடமில்லை. ஜூலை 27-ல் ஓக்லண்டிலிருந்து டைலர் கிளிப்பர்ட் வந்து பின்வரிசைப் பந்துவீச்சைப் பலப்படுத்தினார். அவருக்குப் பதிலாகப் போனவரும் ஓர் இளம் பிட்சர்தான், கேஸி மெய்ஸ்னர்.

அடுத்த நாள் மெஹியா மீண்டும் ஊக்கமருந்தில் பிடிபட்டார். இந்த முறை 162 ஆட்டங்களுக்குத் தடை.

இனி ஜூலை 29, புதன்கிழமை. சிட்டி ஃபீல்டில் சான் டியேகோ பாட்ரேஸுக்கு எதிரான ஆட்டம். அது நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி வெடித்தது: மில்வாக்கியின் கார்லோஸ் கோமஸ் மெட்ஸுக்கு வருகிறார், வீலரும் ஃப்ளோரஸும் மில்வாக்கிக்குப் போகிறார்கள். கோமஸ் நல்ல சென்டர் ஃபீல்டர். மெட்ஸில்தான் தொடங்கி, 2008-ல் யோஹான் சான்டானாவுக்காக மினசோட்டாவுக்கு அனுப்பப்பட்டவர். இப்போது வீடு திரும்புகிறார் என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மாற்று எப்படி முடிவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அன்று நடந்தது புரியும். இரண்டு ஜெனரல் மேனேஜர்கள் பெயர்களில் உடன்படுகிறார்கள். பிறகு மருத்துவக் குறிப்புகள் கைமாறுகின்றன. இரண்டு அணிகளின் மருத்துவர்களும் அவற்றைப் படிக்கிறார்கள். அவர்கள் தலையாட்டிய பிறகுதான் வீரர்களுக்குச் சொல்வார்கள், லீகுக்குத் தெரிவிப்பார்கள், அறிவிப்பு வரும். செய்தியாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு மோப்பம் பிடிப்பது முதல் கட்டத்தை. அன்று உடன்பாடு மட்டும்தான் ஆகியிருந்தது. மருத்துவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் பல்லாயிரம் பேர் கையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்த மைதானத்தில் அந்த வித்தியாசம் யாருக்குத் தெரியும்? கைப்பேசி இல்லாதவர்கள் டக்அவுட்டில் இருந்தவர்கள் மட்டுமே. ஆட்டத்தின்போது அங்கே அதற்கு அனுமதி கிடையாது.

ஏழாவது இன்னிங்ஸில் ஃப்ளோரஸ் மட்டை பிடிக்க வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வழியனுப்பும் கைதட்டல். ரசிகர்கள் சொல்லித்தான் அவருக்கே விஷயம் தெரியும். அவர் அடித்த பந்து தரையோடு போக, அவுட் ஆனார். அடுத்த இன்னிங்ஸில் கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி தன் இடத்தில் போய் நின்றார். அப்போதுதான் அழ ஆரம்பித்தார். ஒவ்வொரு பந்துக்கும் இடையில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பிட்சர் பந்தை வீசத் தயாரானதும் குனிந்து, பந்து தன் பக்கம் வருமா என்று பார்க்கிறார், மறுபடி துடைத்துக்கொள்கிறார். தொலைக்காட்சிக் கேமரா அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

வெனிசுவேலாவின் வலென்சியா நகரத்துப் பையன். 16 வயதில் மெட்ஸோடு கையெழுத்துப் போட்டவர். ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்து ஆங்கிலம் கற்றவர். கீழ்நிலை லீகுகளில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். 24-வது பிறந்தநாளுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவர் அறிந்த ஒரே முதலாளி மெட்ஸ்தான்.

டக்அவுட்டில் காலின்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஃப்ளோரஸ் அழுகிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். ஏன் என்று கேட்டார். மாற்றிவிட்டார்களாம் என்றார்கள். யாருக்கு, எதற்கு? மேனேஜருக்கே தகவல் இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில்தான் அவரை வெளியே எடுத்தார். மெட்ஸ் 3-7 என்று தோற்றது. அது யாருக்கும் நினைவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஆல்டர்சன் செய்தியாளர்கள் முன் வந்து, அப்படி ஒரு மாற்று நடக்கவில்லை, நடக்கப்போவதும் இல்லை என்றார். சமூக ஊடகங்கள் நிஜத்தை முந்தி ஓடிவிட்டன என்று குறைப்பட்டுக்கொண்டார். கோமஸின் இடுப்பைப் பற்றி மெட்ஸ் மருத்துவர்களுக்குச் சந்தேகம் என்ற விளக்கம் வெளியே வந்தது. கோமஸின் தரப்பு அதை அடியோடு மறுத்தது. எந்தப் பக்கம் சரியோ, ஒரு விஷயத்தில் மெட்ஸ் நிர்வாகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. மாற்று முடிவாகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். மைதானத்தில் அழுதுகொண்டிருப்பவரும் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார். டக்அவுட்டுக்கு ஓர் ஆளை அனுப்பி, ‘இன்னும் எதுவும் முடியவில்லை, அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்’ என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? பேச்சுவார்த்தை நடக்கும்போது வாய் திறக்கக்கூடாது என்ற பழக்கம் அவ்வளவு ஊறிப்போயிருந்தது. வியாபாரத்தில் சரக்கிடம் யாரும் பேசுவதில்லை என்று ஃப்ளட் 1969-லேயே உணர்ந்ததைத்தான் இந்த இளைஞர் கேமராவுக்கு முன்னால் அனுபவித்தார்.

தொழில்முறை வீரர் களத்தில் அழலாமா என்று கேட்டவர்களும் உண்டு. நியூயார்க்கின் பதில் வேறாக இருந்தது. கோடிகளில் ஒப்பந்தம் போட்டு ஊர் ஊராக மாறும் நட்சத்திரங்களையே பார்த்துவந்த ரசிகர்கள், லீகின் குறைந்தபட்சச் சம்பளமான 5,07,500 டாலரை ஒட்டி வாங்கிக்கொண்டு, இந்தச் சட்டையைக் கழற்ற மனமில்லாமல் கண்ணீர் விட்ட ஒருவரைக் கண்டார்கள். ஒரே இரவில் அவர் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார்.

வியாழன் இன்னும் மோசம். மழையில் நனைந்த ஆட்டத்தில் 7-1 என்று முன்னிலையில் இருந்த மெட்ஸ், டெரிக் நாரிஸின் நான்கு ரன் ஹோம் ரன்னிலும், ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆன பிறகு ஜஸ்டின் அப்டன் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னிலும் 7-8 என்று தோற்றது. அதே நாளில் கோமஸ் ஹூஸ்டனுக்குப் போனார். வீலரோ ஆல்டர்சனைத் தொலைபேசியில் அழைத்து, தான் மெட்ஸிலேயே இருக்க விரும்புவதாகச் சொன்னார்.

கெடு நாள் ஜூலை 31, மாலை 4 மணி. சின்சினாட்டியின் ஜே புரூஸ் பெயர் கடைசிவரை வதந்தியில் இருந்தது. முடிந்தது வேறு. டெட்ராய்ட் அணி, வாய்ப்பை இழந்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு ஆட்களை விற்கத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து யோயெனிஸ் செஸ்பெடெஸ். கெடு முடியச் சில நிமிடங்களே இருந்தபோது உடன்பாடு ஆயிற்று. கியூபாவிலிருந்து தப்பி வந்து ஓக்லண்டில் சேர்ந்தவர் அவர், சரியாக ஓராண்டுக்கு முன், 2014 ஜூலை 31 அன்று, பாஸ்டனுக்கு மாற்றப்பட்டவர், அந்த டிசம்பரில் டெட்ராய்ட்டுக்கு, இப்போது நியூயார்க்குக்கு. ஓராண்டில் நான்கு சட்டை. விலை: மைக்கேல் ஃபுல்மர், லூயிஸ் செஸ்ஸா. இவர்களும் பிட்சர்கள்தான். ஒரே வாரத்தில் மெட்ஸ் கொடுத்த ஐந்து பேரும் மேல்மட்ட லீகில் ஒரு பந்துகூட வீசியிராத இளம் பிட்சர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹார்வி, டிகிராம், சிண்டர்கார்ட், மாட்ஸ் என்ற நால்வரில் ஒருவரையும் ஆல்டர்சன் தொடவில்லை.

அன்றிரவு பிரிவின் முதலிடத்தில் இருந்த வாஷிங்டன் நேஷனல்ஸ் சிட்டி ஃபீல்டுக்கு வந்தது. மெட்ஸ் 3 ஆட்டம் பின்தங்கியிருந்தது. செஸ்பெடெஸ் இன்னும் வந்து சேரவில்லை; ஃப்ளோரஸ் ஆடினார். முதல் இன்னிங்ஸிலேயே பாய்ந்து விழுந்து ஒரு பந்தைத் தடுத்தார். கூட்டம் எழுந்து நின்றது. நான்காவதில் அவர் அடித்த அடியில் முதல் ரன் வந்தது. எட்டாவதில் வாஷிங்டன் சமன் செய்தது. 1-1 என்று ஆட்டம் நீண்டு, 12-வது இன்னிங்ஸில் முதல் ஆளாக மட்டை பிடித்த ஃப்ளோரஸ், ஃபெலிபே ரிவேரோவின் பந்தை வேலிக்கு மேலே தூக்கியடித்தார். ஆட்டம் முடிந்தது. ஹோம் பிளேட்டை நெருங்கும்போது, சட்டையில் ‘மெட்ஸ்’ என்று எழுதியிருந்த இடத்தைக் கையால் பிடித்து இழுத்துக் காட்டினார். ஒரு கதாசிரியர் இப்படி எழுதியிருந்தால் பதிப்பாசிரியர் அடித்திருப்பார்.

சனிக்கிழமை லூகாஸ் டூடா தனி ஆளாக மூன்று ரன்னையும் சேர்த்து 3-2. ஞாயிறு 5-2. மூன்று நாளில் 3 ஆட்ட இடைவெளி மறைந்து மெட்ஸ் வாஷிங்டனோடு சமமாக நின்றது. திங்களன்று தனியாக முதலிடம். செஸ்பெடெஸ் அடுத்த 57 ஆட்டங்களில் 17 ஹோம் ரன் அடித்தார். மெட்ஸ் 90 வெற்றிகளோடு பிரிவை 7 ஆட்ட வித்தியாசத்தில் வென்று, டாட்ஜர்ஸையும் சிகாகோ கப்ஸையும் தாண்டி உலகத் தொடருக்குப் போய், கன்சாஸ் சிட்டியிடம் 4-1 என்று தோற்றது. அந்தத் தொடரின் கடைசி அவுட் யார் தெரியுமா? மூன்றாவது ஸ்ட்ரைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஃப்ளோரஸ்தான். அதற்காக அவரை யாரும் திட்டவில்லை.

கணக்கைப் பின்னாளில் பார்த்தால் யார் லாபம் அடைந்தார் என்று சொல்வது எளிதல்ல. ஃபுல்மர் 2016-ல் அமெரிக்கன் லீகின் சிறந்த அறிமுக வீரர் ஆனார். கோமஸ் ஹூஸ்டனில் சோபிக்காமல் மறு ஆண்டே விடுவிக்கப்பட்டார்; அவருக்காக ஹூஸ்டன் கொடுத்தவர்களில் ஒருவரான ஜாஷ் ஹேடர் மில்வாக்கியில் பேஸ்பாலின் மிகச் சிறந்த முடிவுப் பந்துவீச்சாளர்களில் ஒருவராக வளர்ந்தார். ஆக, மெட்ஸோடு மாற்று முறிந்ததில் மில்வாக்கிக்கும் நஷ்டம் இல்லை. வீலர் 2017-ல் திரும்பி வந்து மெட்ஸுக்காக மூன்று சீசன் வீசினார். ஃப்ளோரஸை எந்த அணிக்கும் மெட்ஸ் மாற்றவில்லை. 2018 நவம்பரில் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டாமல் விட்டுவிட்டது.

ஜூலை 31 மாலை 4 மணியோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்த ஆகஸ்ட் 30-ல் அரிசோனாவிலிருந்து அடிசன் ரீட் மெட்ஸுக்கு வந்தார். கெடு முடிந்தபின் அது எப்படிச் சாத்தியம்? விலக்குப் பட்டியல் என்ற புழக்கடை வழி ஒன்று இருந்தது. 2019-ல்தான் அதை அடைத்தார்கள். அந்த வழியில் நடந்த பேரங்கள் அடுத்த பகுதியில்.